தேதி கேட்காத பேரம்

பழைய கிரெடிட் கார்டு கடன் என்றால் இன்று எல்லோரும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள்: செட்டில்மென்ட். வசூல் முகவர் அழைத்தால் ஓடி ஒளியாதீர்கள், எடுத்துப் பேசுங்கள், பாதிக்கு மேல் குறைப்பார்கள், ஒரே தடவையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று சொல்லும் காணொளிகள் தமிழிலேயே எண்ணி மாளாது. இந்த அறிவுரையையே தொழிலாக்கி, கட்டணம் வாங்கிக்கொண்டு கடன்பட்டவருக்காகப் பேரம் பேசும் நிறுவனங்களும் வந்துவிட்டன. பத்திரிகைகளில் பணம் பற்றி எழுதுகிறவர்களும், வங்கிக்கும் நன்மை, வாடிக்கையாளருக்கும் நன்மை என்று இதற்குச் சான்று வழங்குகிறார்கள். இந்தச் சான்றிதழோடு எனக்கு உடன்பாடு இல்லை. பேரம் பேசுவது தவறு என்று நான் சொல்லவில்லை. இன்று சொல்லித்தரப்படும் விதத்தில் பேசினால், பல பேருக்கு அது இல்லாத சுமையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுகிறது என்கிறேன்.

செட்டில்மென்ட்டின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். கார்டு நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுவது இங்கே சாதாரணம். ஆண்டுக் கணக்கில் அது 42 சதவீதம். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. கார்டு வட்டிக்கு உச்சவரம்பு இல்லாத நாட்டில், வேலை போனவருக்கும் மருத்துவமனைச் செலவில் மூழ்கியவருக்கும் ஏதாவது ஒரு தள்ளுபடி கிடைக்கிறது என்றால் அது இந்தப் பேரத்தில்தான். ரிசர்வ் வங்கியே 2023 ஜூன் 8 அன்று சமரசத் தீர்வுகளுக்கான நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது. ஆக இது முறைகேடான காரியமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல.

அதன் குறைகளில் சிலவும் ஊரறிந்தவை. சிபில் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்பதற்குப் பதிலாக ‘செட்டில்டு’ என்று விழும். அடுத்த கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். தீர்வு கண்ட வங்கியிடம் மறுபடி கடன் பெறக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும். பேரம் பேசித் தரும் நிறுவனம், பேரம் படியும் முன்பே கட்டணம் கேட்கலாம். இவற்றைப் பற்றி எச்சரிக்கிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். எனவே இவற்றில் நான் நிற்கப்போவதில்லை.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது, நெடுநாளாகவே இருக்கிறது. செட்டில்மென்ட் என்ற இந்தப் பழக்கம் தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடிகிறது. எவ்வளவு கேட்கிறார்கள், எவ்வளவு குறைப்பார்கள், எத்தனை தவணை என்பதைத் தாண்டி அது எதையும் கேட்பதில்லை. பழைய கடனில் முதலில் கேட்க வேண்டியது தேதி. கடைசியாக என்றைக்குப் பணம் கட்டினோம்? கடைசியாக என்றைக்கு எழுத்தில் கையெழுத்துப் போட்டோம்? அந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் பேரத்தில் இறங்குகிறவர், எதை விற்கிறோம் என்று தெரியாமலே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்.

இது தமிழர்களுக்குப் புதிய செய்தியும் இல்லை. புரோநோட்டு எழுதிக் கடன் கொடுத்து வாங்கிய ஊர்களில், மூன்று வருஷம் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த கணக்கு. மூன்றாம் வருஷம் முடியப்போகிறது என்றால் கடன் கொடுத்தவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். முழுப் பணமும் கேட்க மாட்டார். “நூறு ரூபாய் இருந்தால் கொடு, வரவு வைத்துக்கொள்ளலாம்” என்பார். நோட்டின் பின்பக்கத்தில் நூறு ரூபாய் வரவு எழுதி, தேதி போட்டு, கடன்பட்டவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வார். அந்த நூறு ரூபாயால் கடன் குறையாது. அந்தத் தேதியிலிருந்து இன்னும் மூன்று வருஷம் நோட்டுக்கு உயிர் கிடைக்கும். வாங்குகிறவருக்கும் அது தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போடுவார், அல்லது தெரிந்தே மறுப்பார். கிரெடிட் கார்டுக்கு வந்தபோது நாம் இழந்தது அந்தத் தெளிவைத்தான். வசூல் முகவர் “டோக்கனாக ஒரு இரண்டாயிரம் போடுங்கள் சார்” என்று கேட்பதும், அன்று கடன் கொடுத்தவர் நூறு ரூபாய் கேட்டதும் ஒரே வேலையைச் செய்யக்கூடியவை. இன்று கேட்கிறவருக்கு அது தெரிந்திருக்கலாம். கொடுக்கிறவருக்குத் தெரிவதில்லை.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இப்படிப்பட்ட பணக் கடனுக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். அந்த மூன்று ஆண்டுக்குள் கடன்பட்டவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், 18-ஆம் பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. அதே காலத்துக்குள் வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதியைக் கட்டி, அதற்கு அவர் கையெழுத்தில் சான்று இருந்தால், 19-ஆம் பிரிவின்படி அப்போதும் புதிதாக மூன்று ஆண்டு. காசோலையாகக் கொடுத்தால் அந்தக் காசோலையில் இருக்கும் கையெழுத்தே சான்றாகிவிடும். அவகாசம் முடிந்த பிறகு வழக்கு வந்தால், பிரதிவாதி வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். எதிரே நிற்கிறவருக்குச் சட்டம் தெரியாமல் போகலாம் என்பதை உணர்ந்து, அவருக்காகத் தேதியைப் பார்க்கும் கடமையை நீதிபதியின் தலையில் வைத்த பிரிவு அது. ஆனால் செட்டில்மென்ட் பேரம் நீதிமன்றத்தில் நடப்பதில்லை, தொலைபேசியில் நடக்கிறது. நீதிபதி தானாகவே கேட்க வேண்டிய கேள்வியை அங்கே கேட்க யாருமில்லை.

அவகாசம் முடிந்துவிட்டால் கவலை இல்லை, இனி எதில் கையெழுத்துப் போட்டாலும் செத்த கடன் பிழைக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான அரைகுறை அறிவு. 18, 19-ஆம் பிரிவுகள் காலாவதியான கடனை உயிர்ப்பிக்காது என்பது உண்மை. அந்த வேலையைச் செய்ய 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 25-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இருக்கிறது. காலாவதியான கடனைத் திருப்பித் தருகிறேன் என்று எழுத்தில் உறுதி கொடுத்துக் கையெழுத்திட்டால், அது செல்லுபடியாகும் புதிய ஒப்பந்தம். பழைய கடனை நீதிமன்றத்தில் கேட்க முடியாத வங்கி, இந்தப் புதிய உறுதிமொழியைக் கேட்க முடியும். செட்டில்மென்ட் வேண்டி எழுதிக் கொடுக்கச் சொல்லும் கடிதத்தைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். “இந்தக் கார்டில் எனக்கு இவ்வளவு நிலுவை இருக்கிறது. பொருளாதாரச் சிரமத்தால் கட்ட இயலவில்லை. இவ்வளவு தொகையை இந்தத் தேதிகளுக்குள் கட்டுகிறேன்.” அவகாசம் முடியாதிருந்தால் முதல் வாக்கியம் 18-ஆம் பிரிவுக்குப் போதும். முடிந்துவிட்டிருந்தால் கடைசி வாக்கியம் 25-ஆம் பிரிவுக்குப் போதும். எந்தப் பக்கம் நின்றாலும் அந்த ஒரு தாள் வங்கிக்கே பலம். அதை எழுதச் சொல்லி மாதிரிக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், கடன்பட்டவரின் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 ரூபாய் நிலுவையோடு ஒருவர் 2017 ஜூன் மாதத்தில் கட்டுவதை நிறுத்தினார் என்று வையுங்கள். அதன் பிறகு பைசா கட்டவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை, வங்கியும் வழக்குப் போடவில்லை. மூன்று ஆண்டு 2020 ஜூனில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொரோனாக் காலத்துக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நாட்களைக் கழித்தால் மீதி மூன்று மாதம் 2022 மார்ச் முதல் ஓடி, ஜூன் வாக்கில் அவகாசம் முடிகிறது. இன்றைக்கு ஒரு முகவர் அவரை அழைக்கிறார். மாதம் 3.5 சதவீதக் கூட்டு வட்டியில் முதல் மூன்று ஆண்டுக்கு மட்டுமே கணக்குப் போட்டாலும் அந்த 60,000 இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். “ஐம்பது சதவீதம் தள்ளுபடி சார், மாதக் கடைசிக்குள் கட்டினால் மட்டும்” என்கிறார். பாதி என்றால் ஒரு லட்சத்துக்கு மேல்! வாங்கிய அசலைவிட அதிகம். நீதிமன்றத்தில் ஒரு ரூபாய்க்கும் வழக்குப் போட்டு ஜெயிக்க முடியாத கணக்குக்கு, அசலைவிட அதிகம் கட்டி, அதைத் தள்ளுபடி என்று நம்பி நன்றியும் சொல்லிவிட்டு வருகிறார் அவர்.

தள்ளுபடியின் சதவீதம் எதன் மேல் போடப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. 90 நாள் தவணை தவறினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடுகிறது. அதன் பிறகு கைக்கு வராத வட்டியை வங்கி தன் வருமானமாகக் காட்டிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருவதில்லை. அதாவது வங்கியின் லாபக் கணக்கில் ஏறாத வட்டி, முகவரின் கையிலிருக்கும் பட்டியலில் மட்டும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வளர்ந்த உருவத்தின் மேல்தான் ‘பாதி’யும் ‘முக்கால்’ பங்கும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஸ்டேட்மென்ட் இல்லாமல் எந்தச் சதவீதத்துக்கும் அர்த்தம் இல்லை. செட்டில்மென்ட்டைப் புகழ்கிறவர்களின் வெற்றிக் கதைகளில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது எப்போதும் இருக்கும். கடன் எந்த ஆண்டில் நின்றது என்பது இருக்காது.

கேடு இதோடு முடிவதில்லை. ஒரே தடவையில் கட்ட முடியாதவரிடம் மூன்று, ஆறு தவணை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின்தேதியிட்ட காசோலை கேட்பது உண்டு. கிரெடிட் கார்டு பாக்கி வெறும் உரிமையியல் விவகாரம். அதற்காக யாரும் யாரையும் போலீசில் பிடித்துக் கொடுக்க முடியாது. காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் கதையே வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு குற்றவியல் வழக்கைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம். காலம் கடந்த கடனுக்குத் தந்த காசோலை என்று பிறகு வாதாடலாம்தான். அதை வாதாடுவதற்கே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். வருமானம் நிலையில்லாததால்தான் அவர் முதலிலேயே தவணை தவறினார். அவரிடமே ஆறு மாதத்துக்கு ஆறு காசோலை வாங்குவது, தவறப்போகிறார் என்று தெரிந்தே வாங்குவது. ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்தாகும், முழுத் தொகையும் மறுபடி நிற்கும் என்ற நிபந்தனை வேறு அந்தக் கடிதத்தில் இருக்கக்கூடும்.

மக்கள் நீதிமன்றத்தில் வந்து பேசி முடியுங்கள் என்று வரும் நோட்டீஸையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். லோக் அதாலத் நல்ல அமைப்பு. பல குடும்பங்களின் வழக்குச் சுமையை இறக்கியிருக்கிறது. ஆனால் அங்கே இருவரும் சம்மதித்துப் பதிவாகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்; அதன் மேல் முறையீடு கிடையாது. தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்கும் அவகாசம் 12 ஆண்டு. காலாவதியான மூன்று ஆண்டுக் கடன் ஒரே நாள் காலையில், ஒரே கையெழுத்தில், 12 ஆண்டு துரத்தக்கூடிய கடனாகிவிடுகிறது. வழக்குக்கு முன் வரும் அந்த நோட்டீஸ் சம்மன் அல்ல, சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் முடிவாகாது என்பதை யாராவது சொல்லித்தந்தால் போதும், பாதிப் பேர் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

யாருக்குக் கடன் என்ற கேள்வியும் தேதியோடு ஒட்டிக்கொண்டதுதான். வாராக்கடன்களை மொத்தமாகச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு வங்கிகள் விற்கின்றன. வாங்கிய நிறுவனத்துக்காக ஒரு ஏஜென்சி அழைக்கும். அதற்கு முன் வேலை செய்த ஏஜென்சியின் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொருவரும் அழைக்கலாம். கைமாறிய கடனின் அவகாசம் விற்ற நாளிலிருந்து புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய தேதியே தொடர்கிறது. கடனை உங்களுக்கு மாற்றித் தந்த ஆவணம் எங்கே, யாருடைய சார்பில் பேசுகிறீர்கள் என்று கேட்காமல் டோக்கன் கட்டுகிறவர், பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்றே தெரியாமல் நிற்க நேரிடும்.

செட்டில்மென்ட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு: வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது அறம், தேதியைக் காட்டித் தப்பிப்பது ஏமாற்று. இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. காலம் கடந்தாலும் கடன் அழிவதில்லை, வழக்குத் தொடுக்கும் வழிதான் அடைபடுகிறது என்று 1957-இல் பாம்பே டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கொடுக்க வேண்டும் என்று மனசாட்சி சொன்னால் கொடுக்கலாம்; எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனால் அறம் என்பது தெரிந்து செய்வது. வழக்குப் போடுவேன், வீட்டை ஜப்தி செய்வேன், உள்ளே தள்ளுவேன் என்று பயமுறுத்தி, அந்த மூன்றும் சட்டப்படி பலிக்காது என்ற உண்மையை மறைத்து வாங்கும் பணத்துக்கு அறத்தின் பெயரைச் சூட்டாதீர்கள். வங்கிக்கு மூன்று ஆண்டு கொடுக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஆவணங்கள் இருந்தன, பணம் இருந்தது. அத்தனையும் இருந்தும் வழக்குப் போடாமல் விட்ட ஒரு நிறுவனம், தன் அவகாசத்தைத் தவறவிட்டதன் விலையைக் கடன்பட்டவரின் அறியாமையிலிருந்து வசூலிக்கிறது. காலவரையறை என்பது கடன்பட்டவருக்குக் கிடைத்த ஓட்டை இல்லை. ரசீதும் சாட்சியும் நினைவும் மங்கிப்போன பிறகு யாரையும் வழக்குக்கு இழுக்கக் கூடாது என்பதற்காக வைத்த நீதி. வணிகர்கள் தங்களுக்குள் இந்த நீதியைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். சம்பளக்காரர் பயன்படுத்தினால் மட்டும் அது ஒழுக்கக் கேடாகிவிடுகிறது.

இந்த முறையில் மிக அதிகம் அடிபடுகிறவர் நேர்மையானவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்துபோகிறவருக்கு எந்த டோக்கனும் இல்லை, எந்தக் கடிதமும் இல்லை. அவருடைய மூன்று ஆண்டு சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. “கொடுக்கக் கூடாது என்று இல்லை சார், இப்போது இவ்வளவுதான் இருக்கிறது” என்று கூசிக்கொண்டே சொல்கிறவர்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கட்டி, ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்து, தன் கடனுக்குத் தானே ஆயுளை நீட்டிக்கொள்கிறார். அறத்தைப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொரு வாதம்: தொல்லை நிற்க வேண்டுமானால் கட்டித்தான் ஆக வேண்டும். அலுவலகத்துக்கு அழைக்கிறார்கள், அம்மாவிடம் பேசுகிறார்கள், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள், யார்தான் தாங்குவார்? உண்மை, அந்தக் கொடுமையின் முன்னால் காலவரையறைச் சட்டம் பேசுவது சிலருக்குக் கல்நெஞ்சமாகத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொடக் கூடாது, மிரட்டக் கூடாது, பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. அடியாட்களை வைத்து வசூலிக்கக் கூடாது என்று 2007-லேயே பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்ட வழியில்லாத ஏழ்மைக்காக ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அடமானம் இல்லாத கடன் என்பதால், நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட எடுக்க முடியாது. ஆணையே வந்தாலும் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். தொல்லைக்கு மருந்து புகார். தொல்லைக்குப் பயந்து பணம் கட்டுவது, தொல்லை பலிக்கிறது என்று அந்த ஏஜென்சிக்குக் கற்றுக்கொடுப்பது. அடுத்த அழைப்பு இன்னொரு வீட்டுக்கு இன்னும் உரத்த குரலில் போகும். செட்டில்மென்ட்டைக் கொண்டாடுகிற ஒவ்வொரு காணொளியும் அந்தக் குரலுக்குத் துணை போகிறது என்றே நான் கருதுகிறேன்.

தேதி என்று நான் சொல்வது மூன்று வருஷத்தை விரல்விட்டு எண்ணுவதை மட்டும் அல்ல. கொரோனா நாட்களை மேலே பார்த்தோம். அதைவிட முக்கியமான ஒன்றைத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். கார்டு கடனோடு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனவர்கள், ஐந்தாறு வருஷம் கழித்து ஊர் திரும்பி, எல்லாம் காலாவதி ஆகிவிட்டது என்று நம்புகிறார்கள். கடன்பட்டவர் இந்தியாவில் இல்லாத காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. அவர்களுடைய கடன் இன்னும் உயிரோடு இருக்கலாம். தேதி எப்போதும் கடன்பட்டவர் பக்கமே பேசும் என்று நான் சொல்லவில்லை என்பதற்கு இதுவே சான்று. தேதி எந்தப் பக்கம் பேசினாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பேரத்தில் உட்கார வேண்டும்.

ஆகவே முகவர் அழைத்தால் தொகை பேசாமல், எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிடலாம். யார் சார்பில் கேட்கிறார்கள், கடன் கைமாறியிருந்தால் அதற்கு ஆவணம், கடைசியாகப் பணம் வந்த தேதி, அசலையும் வட்டியையும் பிரித்துக் காட்டும் ஸ்டேட்மென்ட்: இந்த நான்கையும் வங்கியிடமே கேட்டு எழுத வேண்டும். நிலுவையை ஒப்புக்கொள்ளவில்லை, விவரம் மட்டுமே கேட்கிறேன் என்று அந்தக் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வந்த பதிலை ஒரு வழக்கறிஞரிடமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ காட்டலாம். கடன் உயிரோடு இருந்தால், கட்ட வழியும் இருந்தால், அப்போது செட்டில்மென்ட் நல்ல வழிதான்: வங்கியின் கடிதத் தாளில் தொகையும் கெடுவும் எழுதி வாங்கி, ஒரே தடவையில், கார்டு கணக்கிலேயே கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றும் பெற வேண்டும். காசோலைகள் கூடாது. நீதிமன்றச் சம்மன் வந்தால் மட்டும், கடன் எவ்வளவு பழையதானாலும், ஒருநாளும் அலட்சியம் கூடாது. போகாதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் பிறகு தேதியைப் பேசுவது பெரும்பாடு.

ஆனால் இந்தப் பொறுப்பு முழுவதையும் கடன்பட்டவர் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை. அமெரிக்காவில் 2021 நவம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி, காலாவதியான கடனுக்கு வழக்குப் போடுவேன் என்று வசூலிப்பவர் மிரட்டுவதே சட்ட மீறல். ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட கடன், ஒப்புகையோ வழக்கோ இல்லாமல் ஐந்து ஆண்டு ஆனால் முழுவதுமாக அழிந்தே போகிறது. இங்கே முகவர் எத்தனை மணிக்கு அழைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. அழைத்து என்ன உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. கடைசியாகப் பணம் வந்த தேதியையும், வழக்குப் போடும் அவகாசம் முடிந்துவிட்டதா இல்லையா என்பதையும் தெரிவிக்காமல் பழைய கடனுக்கு ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது, அந்த விவரம் இல்லாமல் வாங்கிய ஒப்புகைக் கடிதம் செல்லாது என்று ஒரு விதி வந்தால் போதும். பேரம் அப்போது இருவர் பேசும் பேரமாகும். அந்த விதி வரும்வரை, தேதியைச் சொல்லித்தராமல் தள்ளுபடியை மட்டும் புகழ்கிற ஒவ்வொருவரும் வசூல் முகவரின் வேலையைத்தான் அவருக்குப் பதிலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.